தரைப்பாலத்துக்கு அந்தப் பக்கம்

யாக்கோபுக்கு அந்த வட்டாரத்தில் தெரியாத சாலை கிடையாது. ஒரகடம் கூட்டுரோட்டில் கன்டெய்னர் லாரிகள் அடைத்துக்கொண்டு நின்றால் எந்தக் கம்பெனியின் பின்மதிலை ஒட்டிப் போய் வெளியே வரலாம், சுங்குவார்சத்திரத்தில் ஷிஃப்ட் விடும் நேரத்தில் எந்தச் சந்தில் நுழைய வேண்டும், தண்டலத்தில் காலேஜ் பஸ்கள் எப்போது ரோட்டை மறிக்கும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. கல்யாண மண்டபம் தேடிப் போகிற சொந்தக்காரர்கள்கூட மேப்பைப் பார்க்காமல் அவருக்குத்தான் போன் போடுவார்கள். "நேரா வந்து டயர் கடையாண்ட லெஃப்ட்ல ஒடிச்சிரு. அப்புறம் ஒரே மிதிதான்," என்பார்.

ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஒரு சர்ச்சும் நாலு தெருவும் உள்ள ஊர் அவருடையது. கம்பெனிகள் வந்த புதிதில் ஹெவி லைசென்ஸ் எடுத்து, பல வருஷம் கம்பெனி பஸ் ஓட்டினார். ஒருநாள் காலை ஷிஃப்ட்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகும்போது பஸ்ஸுக்குள்ளேயே ஒரு பெண்ணுக்கு வலிப்பு வந்துவிட்டது. நெடுஞ்சாலை முழுக்க வண்டி. எங்கிருந்தோ ஆம்புலன்ஸ் ஒன்று அந்த நெரிசலுக்குள் ஊசி நுழைகிற மாதிரி நுழைந்து வந்து, அவளை ஏற்றிக்கொண்டு அதே மாதிரி வெளியேறியது. யாக்கோபு ஸ்டியரிங்கில் கை வைத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸ் வேலைக்கான அடுத்த ஆள் எடுப்பில் விண்ணப்பம் போட்டுவிட்டார். இந்த வேலையில் ஓட்டுநரைப் பைலட் என்பார்கள். அவர் மனைவி எழிலரசிக்கு அந்தப் பெயரில் ஏகச் சிரிப்பு. "பஸ்ஸுல அம்பது பேர ஏத்திகினு ஆமை மாதிரி போன. இப்ப ஒருத்தர ஏத்திகினு பறக்குற. பைலட்டுதான் போ."

வண்டியில் அவரோடு இருந்தவள் சசிரேகா. குன்றத்தூர்க்காரி. நர்சிங் படித்துவிட்டு மருத்துவ உதவியாளர் வேலைக்கு வந்தவள். இருவருக்கும் ஒரே வண்டி, ஒரே ஷிஃப்ட் என்று நாலைந்து வருஷம் ஓடிவிட்டது. அவள் அதிகம் பேச மாட்டாள். நோயாளிக்கு நிலைமை மோசமானால் அவள் குரல் உயராது, தணியும். பின்பக்கத்துக்கும் முன்பக்கத்துக்கும் நடுவே இருக்கும் சின்ன ஜன்னல் வழியாக அந்தக் குரலைக் கேட்டே யாக்கோபு எவ்வளவு மிதிக்க வேண்டும் என்று முடிவு செய்வார். "அண்ணா" என்று அவள் காற்றோடு காற்றாகச் சொன்னால் ஆள் தேறுவது கஷ்டம் என்று அர்த்தம்.

அந்த வருஷம் கார்த்திகையில் புயல் வரும் என்று ஒரு வாரம் முன்பே சொல்லிவிட்டார்கள். தாலுகா ஆபீசில் கூட்டம் போட்டார்கள். எந்த ஏரி நிரம்பி நிற்கிறது, எந்த நகரில் தண்ணீர் ஏறும், எந்த வண்டி எந்த மேட்டில் நிற்க வேண்டும் என்று எல்லாம் பேசினார்கள். ஏரிக்கரையில் தீயணைப்புத் துறையினர் ரப்பர் படகை இறக்கி ஒத்திகை காட்டினார்கள். லைஃப் ஜாக்கெட் போட்ட ஒருவர் தண்ணீரில் மூழ்குவதுபோல் கையை ஆட்ட, படகு போய் அவரை இழுத்து வந்து யாக்கோபின் ஸ்ட்ரெச்சரில் போட்டது. மூழ்கியவர் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே போனை எடுத்து செல்ஃபி எடுத்துக்கொண்டார். எல்லாரும் சிரித்தார்கள். சசிரேகாகூடச் சிரித்தாள்.

ஆனால் அது வெறும் வேடிக்கையாக முடியவில்லை. புயலுக்கு முந்தைய நாள் முழுக்க இருவரும் கிராம நர்சோடு வீடு வீடாகப் போனார்கள். நாள் நெருங்கிய கர்ப்பிணிகளை முன்கூட்டியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அரசாங்க ஏற்பாடு. சேந்தாங்கல் என்ற ஊரிலிருந்து மட்டும் இரண்டு கர்ப்பிணிகளையும் டயாலிசிஸ் செய்துகொள்கிற ஒரு வயதானவரையும் கொண்டு வந்தார்கள். சேந்தாங்கல் இரண்டு ஏரிகளுக்கு நடுவே இருப்பது. மேல் ஏரி கலங்கல் வழிந்தால் உபரித் தண்ணீர் அந்த ஊர் ஓடை வழியாகத்தான் போகும். ஓடைக்கு மேலே ஒரு தரைப்பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு காலத்தில் புறம்போக்கு. இப்போது கம்பெனிப் பையன்களுக்கு வாடகைக்கு விடுவதற்காகக் கட்டிய லைன் வீடுகள், வரிசை வரிசையாக, சிமென்ட் ஷீட் போட்டு நிற்கின்றன.

அந்த வயதானவரை ஏற்றிக்கொண்டு தரைப்பாலத்தைத் தாண்டியபோது சசிரேகா சொன்னாள். "அந்தப் பக்கம் இனி அவசரமா யாரும் இல்லண்ணா. எல்லாரையும் எடுத்தாச்சு."

"நாளைக்கு மழ எப்டி வேணா பெய்யட்டும்," என்றார் யாக்கோபு.

மழை அப்படித்தான் பெய்தது. விடிந்து பார்த்தால் வயல், பிளாட், ரோடு எல்லாம் ஒரே தண்ணீர். நிறையக் கம்பெனிகள் லீவு விட்டுவிட்டன. முன்பகல் நேரத்தில் சேந்தாங்கலிலிருந்து அழைப்பு வந்தது. பாம்புக்கடி. ஆண், இருபத்து மூன்று வயது. இடம் பாலத்துக்கு அந்தப் பக்கத்து லைன் வீடு.

யாக்கோபு வண்டியை எடுத்துக்கொண்டு ஓடை வரைக்கும் போனார். அதற்கு மேல் பாலம் இல்லை. பாலம் இருந்த இடத்தில் காப்பித்தூள் நிறத்தில் தண்ணீர் புரண்டுகொண்டு போனது. ஒரு வேப்பமரம் வேரோடு வந்து, சுற்றி, கீழே போயிற்று. அகலம் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. நாலு லாரியை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் அந்தக் கரையைத் தொட்டுவிடும். அந்தப் பக்கம் குடையோடு நிற்கிற ஆட்களின் முகம்கூடத் தெரிந்தது. தண்ணீர் போட்ட இரைச்சலில் குரல் மட்டும் எட்டவில்லை.

அந்தப் பக்கத்துக்குப் போக இருந்த இன்னொரு வழி ஏரிக்கரை மண் ரோடு. அது காலையிலேயே கரைந்து போய்விட்டதாக அங்கே காவலுக்கு நின்ற போலீஸ்காரர் சொன்னார்.

வண்டியில் இருந்த போனுக்கு டவர் கிடைக்கவில்லை. யாக்கோபு தன் சொந்தப் போனில் அழைத்தவர் நம்பரைப் போட்டார். நாலைந்து தடவை முயன்ற பிறகு மணி அடித்தது.

"அண்ணே, நான் கொம்பையா பேசுதேன்."

"ஆம்புலன்சுலேர்ந்து பேசறேம்பா. யாருக்குப் பாம்பு கட்ச்சுது?"

"எனக்குத்தாண்ணே."

யாக்கோபு திகைத்துவிட்டார். குரல் அவ்வளவு தெளிவாக இருந்தது. "உனக்கா? நல்லாதானே பேசற?"

"நல்லாத்தாண்ணே இருக்கேன். ரெண்டாவது ஷிஃப்ட் ஓடும்னு மெசேஜ் வந்துச்சு. ஷூவ ஷெல்ஃப்ல ஏத்தி வச்சிருந்தேன். காஞ்சிருக்கான்னு கைய விட்டேன். எறும்பு கடிச்சாப்ல இருந்துச்சு, அம்புட்டுதான். வலியே இல்ல. இந்த மீனம்மாக்காதான் பயந்துபோய் உங்களுக்குப் போன் போடச் சொல்லுச்சு."

"பாம்ப பாத்தியா?"

"அடிச்சுப் போட்டாச்சுண்ணே. சின்னதுதான். கருப்பா, வெள்ள வெள்ளயா வளையம் இருக்கு."

யாக்கோபு அதை அப்படியே சசிரேகாவிடம் சொன்னார். கையுறை மாட்டிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள்.

"வலியே இல்லன்னா சொல்றான்?"

"சிரிச்சிகினு பேசறாம்மா."

"அது கட்டுவிரியன்ணா." அவள் குரல் தணிந்துபோயிருந்தது. "அது வலிக்காது. கொஞ்ச நேரத்துல கண் இமை விழுந்துரும். அப்புறம் நாக்கு. அப்புறம் மூச்சு நின்னுடும். அதுக்குள்ள இவன் மருந்து இருக்கிற இடத்துக்குப் போயாகணும்."

போனை ஸ்பீக்கரில் போட்டு அவளே பேசினாள். நடக்கக்கூடாது, கையை ஆட்டக்கூடாது, ஒரு குச்சியை வைத்துத் துணியால் தளரக் கட்டி அசையாமல் வைக்க வேண்டும், கத்தி பிளேடு எதுவும் படக்கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒரு நாற்காலியில் உட்கார வைத்து ஓடைக்கரைக்குத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னாள். படகு வந்தால் அங்கேதான் வரும்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் நாலு பேர் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதில் உட்கார்ந்திருந்த பையன் கம்பெனிச் சட்டை போட்டிருந்தான். யாக்கோபைப் பார்த்ததும் நல்ல கையைத் தூக்கி ஆட்டினான். கூட வந்த ஓர் அம்மாள் அவன் தலைக்கு மேல் தார்ப்பாயை விரித்துப் பிடித்துக்கொண்டாள். அதுதான் மீனம்மாள். அந்த லைன் வீட்டுப் பையன்களுக்கு இட்லி அவித்துப் போடுகிறவள். பக்கத்தில் நின்றவன் கொம்பையாவின் ரூம்காரன் ரகுபதி. அவன் போன் தண்ணீரில் விழுந்து கெட்டுப்போயிருந்தது. கரன்ட் போனதில் மற்றவர்கள் போன் எல்லாம் சார்ஜ் இறங்கிக் கிடந்தன. வேலை செய்த ஒரே போன் கொம்பையாவுடையது.

சசிரேகா கண்ட்ரோல் ரூமைப் பிடிக்க மேட்டுக்கு ஓடினாள். படகு இருந்தது. ஆனால் அது வேறொரு குடியிருப்பில் மாடிகளில் மாட்டிக்கொண்ட குடும்பங்களை இறக்கிக்கொண்டிருந்தது. கைக்குழந்தைகள் நிறைய. அந்த நடை முடிந்ததும் லாரியில் ஏற்றி அனுப்புவதாகச் சொன்னார்கள். யாரைக் கோபித்துக்கொள்வது? அவள் திரும்பி ஓடி வந்தாள்.

பக்கத்தில் குடோன் கட்டுகிற இடத்தில் ஒரு ஜேசிபி நின்றது யாக்கோபுக்கு நினைவு வந்தது. ஓடிப்போய் ஆபரேட்டரை அழைத்து வந்தார். அவனும் மறுபேச்சு இல்லாமல் வந்தான். ஜேசிபி தண்ணீருக்குள் இறங்கிப் பாதி தூரம்கூடப் போகவில்லை. ஆபரேட்டர் பக்கெட்டை முன்னால் நீட்டி ஆழம் பார்த்தான். தரை தட்டவில்லை. இன்னும் இறக்கினான். அப்போதும் தட்டவில்லை. பாலத்தின் நடுப்பகுதியைத் தண்ணீர் தின்றிருந்தது. வண்டி ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்ததும் அவன் பின்னால் எடுத்துவிட்டான். இறங்கி வந்தவன் யாக்கோபின் முகத்தைப் பார்க்கவில்லை. "நடுவுல ஒண்ணுமே இல்லண்ணா," என்று மட்டும் சொன்னான்.

யாக்கோபு ஏரியில் நீந்தி வளர்ந்தவர். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு இறங்கினார். இடுப்பளவு போனதுமே கால் தரையில் நிற்கவில்லை. போலீஸ்காரர் சட்டையைப் பிடித்து இழுக்க, சசிரேகா முதல்முறையாகக் கத்தினாள்.

"நீங்க போயிட்டீங்கன்னா வண்டிய யாருண்ணா ஓட்டுறது?"

 ஈரத்தோடு கரையேறி நின்றார். எத்தனையோ நெரிசலைப் பிளந்துகொண்டு போனவர். பின்னால் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, மேலே விளக்கு சுழன்றுகொண்டிருந்தது, ஆக்சிஜன் நிரம்பி இருந்தது, டீசல் நிரம்பி இருந்தது. ஒத்திகையில் சொன்னது எல்லாமே தயாராக இருந்தது.

"அவன்கூடப் பேசிக்கிட்டே இருங்க," என்றாள் சசிரேகா. "பயந்தா நாடி ஏறும். நான் டாக்டர்கிட்ட கேக்கறேன்."

அவர் பேசினார். இந்தக் கரையில் அவர் நின்றுகொண்டு, அந்தக் கரையில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தபடி போனில் பேசினார்.

"எந்த ஊருப்பா உனுக்கு?"

"சங்கரன்கோயில் பக்கம்ணே. இங்க வந்து ரெண்டு வருசம் ஆச்சு. கார் கதவுக்கு ஒயர் மாட்டுத லைன்."

"வூட்ல யாரு கீறாங்க?"

"அம்மா மட்டுந்தான். பீடி சுத்துதா. அக்காவக் கெட்டிக் குடுத்தாச்சு."

"அம்மா இங்க வந்துக்கீறாங்களா?"

"வரச் சொன்னா வர மாட்டாண்ணே. மெட்ராஸ்னா பயம். இது மெட்ராஸ் இல்லம்மான்னாலும் கேக்க மாட்டா." அவன் சிரித்தான். பிறகு நல்ல கையால் கண்ணைக் கசக்கினான். "அண்ணே."

"சொல்லுப்பா."

"நீங்க ரெண்டு பேரா நிக்கீங்க."

யாக்கோபின் பக்கத்தில் யாரும் இல்லை. "இல்லப்பா, நான் ஒர்த்தன்தான்."

"எனக்கு ரெண்டா தெரியுது. வண்டியும் ரெண்டா தெரியுது."

அதற்குப் பிறகு எல்லாம் சசிரேகா சொன்ன வரிசையிலேயே நடந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை என்றான். தூக்கம் வரவில்லை, ஆனால் இமை தூக்க மாட்டேன் என்கிறது என்றான். விரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இந்தக் கரையைப் பார்த்தான். அது இங்கிருந்தே தெரிந்தது. பிறகு பேச்சு குழறியது. "தண்ணி வத்துதாண்ணே?" என்று கேட்டது யாக்கோபுக்கு இரண்டாம் தடவைதான் புரிந்தது.

"வத்தினு கீதுப்பா. படகு வந்துனே கீது. இதோ வந்துரும்."

தண்ணீர் வற்றவில்லை. முன்பு தெரிந்த ஒரு கல் இப்போது தெரியவில்லை.

ரகுபதி போனை வாங்கிக்கொண்டான். "அண்ணா, எச்சில் முழுங்க மாட்டேங்கிறான். மூச்சு இழுக்குது." அவன் அழுதுகொண்டிருந்தான்.

சசிரேகா போனைப் பிடுங்கிக்கொண்டாள். பக்கவாட்டில் படுக்க வை, வாயில் இருப்பதை விரலில் துணி சுற்றித் துடை, இப்போது மல்லாக்கப் போடு, தாடையைத் தூக்கு, மூக்கைப் பொத்து, வாயோடு வாய் வைத்து ஊது. ரகுபதி தடுமாறினான். "எனக்கு வரலக்கா, எனக்குத் தெரியலக்கா" என்றான். மீனம்மாள் தார்ப்பாயை வேறொருவன் கையில் கொடுத்துவிட்டு மண்டியிட்டது தெரிந்தது. "நவுருடா. நான் ஊதுறேன்," என்று அவள் குரல் போனில் கேட்டது.

அவள் குனிந்து ஊதினாள். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள்.

"நெஞ்சு ஏறுதாம்மா?" என்று சசிரேகா கேட்டாள்.

"ஏறுது, ஏறுது."

"அப்படியே விடாம செய்யுங்கம்மா. நீங்க ஊதுற வரைக்கும் அவன் இருப்பான். ரகுபதி, நீயும் பாத்துக்க. அம்மா அசந்துட்டா நீ மாத்தணும். அவன் செத்துப்போகல, புரியுதா? உடம்பு அசையாது, ஆனா காது கேக்கும். நாம பேசறதெல்லாம் அவனுக்குக் கேட்டுக்கிட்டுதான் இருக்கு. போன அவன் காதுகிட்ட வை." பிறகு யாக்கோபிடம் திரும்பினாள். "பேசுங்கண்ணா."

அசையாமல் கிடக்கிறவனிடம் என்ன பேசுவது? படகு வந்துடும் என்றார். கொம்பையா, நான் இங்கதான் கீறேன், எங்கயும் போகல என்றார். தனக்குத் தெரிந்த ஜெபம் ஒன்றைச் சொல்லத் தொடங்கி, அவன் என்ன சாமி கும்பிடுகிறவனோ என்று நிறுத்தி, மறுபடி ஆரம்பித்தார்.

அப்போதுதான் ரகுபதி சொன்னான். "அண்ணா, இவங்க அம்மா லைன்ல வராங்க. திரும்பத் திரும்பக் கூப்பிடுறாங்க. எடுக்கவா?"

யாக்கோபு சசிரேகாவைப் பார்த்தார். அவள் கண்ணை மூடித் திறந்தாள். இந்த லைனைப் பிடிக்க எத்தனை தடவை முயல வேண்டியிருந்தது என்பது இருவருக்கும் தெரியும். விட்டால் மறுபடி கிடைக்குமா தெரியாது. அங்கே ஊதுகிறவர்களுக்கு வழி சொல்ல வேறு போன் இல்லை.

"எடுக்காதப்பா," என்றார் யாக்கோபு. "கட் பண்ணிடாத. லைன்லயே இரு."

"சரிண்ணா." பிறகு அவன் குனிந்து சொல்வது கேட்டது. "கொம்பு, அம்மா கூப்பிடுறாங்கடா. அப்புறம் பேசிக்கலாம்டா."

மீனம்மாளும் ரகுபதியும் மாறி மாறி ஊதிக்கொண்டே இருந்தார்கள். இன்னும் இரண்டு பையன்கள் கற்றுக்கொண்டு சேர்ந்துகொண்டார்கள். மழை விட்டு, மறுபடி பிடித்தது. இந்தக் கரையில் சாப்பாட்டு நேரம் வந்து போனது. எவ்வளவு நேரம் என்று யாக்கோபால் பிறகு எப்போதும் சொல்ல முடிந்ததில்லை.

படகு வந்தது. கயிறு கட்டி, வளைந்து வளைந்து, இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை அந்தக் கரையைத் தொட்டது. சசிரேகாவும் அதில் போனாள். அவன் வாயில் பலூன் மாஸ்க்கைப் பொருத்திக் கையால் அழுத்திக்கொண்டே அவனைக் கொண்டு வந்தாள். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது யாக்கோபு முதல்முறையாக அவன் முகத்தைப் பக்கத்தில் பார்த்தார். மீசை சரியாக முளைக்காத முகம். நாடி இருந்தது.

அன்று அவர் ஓட்டியதுபோல் அதற்கு முன்னும் ஓட்டியதில்லை, பின்னும் ஓட்டியதில்லை. தண்ணீர் நின்ற இடமெல்லாம் தெரிந்த இடங்கள். எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று ரோடே தெரியாத இடத்திலும் அவருக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது ஜன்னல் வழியாகக் குரல் வந்தது.

"அண்ணா."

காற்றோடு காற்றாக. பிறகு அவள் நெஞ்சை அழுத்துகிற சத்தம். அவள் ஒருத்தி. அழுத்தவும் வேண்டும், ஊதவும் வேண்டும். வண்டியை நிறுத்திவிட்டுப் பின்னால் ஓடினால் அவளுக்கு இரண்டு கை கூடும். ஆனால் வண்டி நிற்கும். அவர் மிதித்துக்கொண்டே, "சசி, சசி" என்று கூப்பிட்டுக்கொண்டே போனார்.

டாக்டர்கள் அவனுக்கு நாடியைத் திரும்பக் கொண்டு வந்தார்கள். குழாய் போட்டு, மருந்து ஏற்றி, மிஷினில் வைத்தார்கள். வாசலில் நின்ற இருவருக்கும் அதைச் சொன்ன நர்ஸ் உள்ளே போவதற்குள் அடுத்த அழைப்பு வந்துவிட்டது. வேலூர் ரோட்டில் ஒரு சுவர் இடிந்து இரண்டு பேர். அதற்குப் பிறகு ஒரு பிரசவம். அதற்குப் பிறகு இன்னொன்று. வாசலில் ஒப்படைத்துவிட்டுத் திரும்புவதுதான் அவர்கள் வேலை. உள்ளே என்ன ஆனது என்று நின்று கேட்க நேரம் இருப்பதில்லை.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்து யாக்கோபு போய்க் கேட்டார். விடிகாலையில் போய்விட்டான் என்றார்கள். நெஞ்சு நின்ற நேரத்தில் மூளைக்கு ரத்தம் போகவில்லையாம். சசிரேகாவிடம் சொன்னபோது அவள் வண்டியில் சாமான்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். தலையை மட்டும் ஆட்டினாள். பலூன் மாஸ்க்கைக் கையில் எடுத்து, "பலூன் அந்தப் பக்கம் இருந்திருந்தா போதும்ணா," என்றாள். "நான் முந்தின நாள் அங்க நின்னுட்டுதானே வந்தேன்."

அவள் மேல் என்ன தப்பு? அவர் அதைச் சொல்லவும் சொன்னார். அவளுக்கு அது காதில் ஏறவில்லை.

இரண்டு மூன்று வாரம் போயிருக்கும். தெரியாத நம்பரிலிருந்து ஒரு போன். எழிலரசி எடுத்து, "யாரோ ஒரு அம்மா. பேசறது எனக்குப் புரியல," என்று அவரிடம் கொடுத்தாள்.

"ஐயா, நான் முப்பிடாதி பேசுதேன். கொம்பையாவோட அம்மா. அவம் போன்ல கடேசியா பேசுனது உங்க நம்பர்லதான்னு சொன்னாவ. நீங்கதான் எம்புள்ளகிட்ட பேசிக்கிட்டு இருந்தீயளா?"

யாக்கோபு எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார். "ஆமாம்மா."

"நான் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். புயல்னு டிவியில காட்டுனாவ. எப்பவும் பிஸி பிஸின்னே வந்துச்சு. யாரு கூடவோ பேசிக்கிட்டு இருக்கான்னு நெனச்சேன்."

சொல்லாமல் விட்டுவிடலாம். போனை எடுக்க வேண்டாம் என்று சொன்னவரே அவர்தான் என்று அந்த அம்மாளுக்கு யார் சொல்லப்போகிறார்கள்? ஆனால் யாக்கோபு சொல்லிவிட்டார். ஏன் அப்படிச் சொல்ல வேண்டியிருந்தது என்பதையும் சொன்னார். சொல்லும்போது அந்தக் காரணம் அவருக்கே ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது. கடைசியில், "அவனுக்குக் காது கேட்டுச்சும்மா. நீங்க கூப்புடுறீங்கன்னு கூட இருந்த பையன் அவங்காதுல சொன்னான். அவனுக்குத் தெரியும்மா," என்றார்.

 லைன் போய்விட்டதோ என்று அவர் போனைப் பார்த்தார்.

"ரூமுல அவஞ்சாமான் கிடக்காம்," என்றாள் பிறகு. "எடுக்க வரணும். எனக்கு அந்த ஊருல ஒருத்தரையும் தெரியாது."

தை பிறந்த பிறகு அவள் வந்தாள். மகளும் மருமகனும் கூட வந்தார்கள். யாக்கோபு லீவு போட்டுவிட்டு, சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் காத்திருந்து, தெரிந்தவன் ஆட்டோவில் அவர்களைக் கூட்டிக்கொண்டு போனார். சின்ன உடம்புக்காரி. வழி நெடுக இரண்டு பக்கமும் கம்பெனி மதில்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். 

தரைப்பாலத்தின் உடைந்த பகுதியில் மணல் மூட்டைகளை அடுக்கி மேலே ஜல்லி கொட்டியிருந்தார்கள். ஓடையில் தண்ணீர் என்று சொல்ல ஒன்றும் இல்லை. நடுவில் கணுக்கால் அளவுக்கு ஒரு கோடு ஓடிக்கொண்டிருந்தது. ஷிஃப்ட் முடிந்த பையன்கள் பைக்கில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்துகொண்டிருந்தார்கள்.

"நீங்க எங்க நின்னிய?" என்று கேட்டாள்.

"இங்கதாம்மா."

அவள் அந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு எதிர்க்கரையைப் பார்த்தாள். "அம்புட்டுதானாய்யா?" என்றாள்.

அவர் தலை குனிந்தார். அன்றைக்கு இருந்த தண்ணீரை இன்றைக்கு எப்படிக் காட்டுவது?  அவள் குற்றம் சொல்கிற குரலில் கேட்கவில்லை.

மகள் கையைப் பிடிக்க வந்தபோது வேண்டாம் என்று சைகை காட்டிவிட்டு அவள் தனியாகவே பாலத்தில் நடந்தாள். சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். எதிரே வந்த பைக்குக்கு ஒதுங்கி நின்று வழிவிட்டாள். அந்தப் பக்கம் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த மீனம்மாள், யார் வருகிறார்கள் என்று பார்த்து, துடைப்பத்தைப் போட்டுவிட்டு வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். 

கொஞ்ச நேரம் கழித்து முப்பிடாதி கரையோரமாக ஓர் இடத்துக்கு வந்து நின்று, யாக்கோபைப் பார்த்தாள்.

"இங்கனயாய்யா?" என்று கேட்டாள்.

உரக்கக் கேட்கவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள். யாக்கோபுக்கு அது பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரிக் கேட்டது.

"ஆமாம்மா," என்றார். "அங்கதான்."